கண்ணாடிப் பெட்டிக்குள் இடது கால்

எந்த டாக்டராவது "குனிஞ்சு காட்டும்மா" என்று சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஏன் குனிய வேண்டும்? வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்கிறேன் இல்லையா, அது காதில் விழவில்லையா? போன மாதம் மதுரையில் ஒரு சின்ன வயசு டாக்டரிடம் இப்படித்தான் கத்திவிட்டேன். பாவம், அவர் பயந்துபோய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அவருக்கு என்ன தெரியும்? நான் குனிந்து காட்டியே கெட்டவள்.

பிறந்ததிலிருந்தே என் உடம்பு அப்படி. கட்டை விரலை அழுத்தினால் மடங்கி முன்கையில் போய்ப் படுத்துக்கொள்ளும். சுண்டு விரலைத் தள்ளினால் புறங்கைப் பக்கமாகச் செங்குத்தாக நிற்கும். கையை நீட்டினால் முழங்கை நேராக நிற்காது, எதிர்ப்பக்கம் கொஞ்சம் போய்விட்டுத்தான் நிற்கும். இதெல்லாம் வித்தை என்றே எனக்குத் தெரியாது, எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பில் ஒருநாள் பி.டி. பீரியடில் வேப்பமரத்தடியில் காலை இரண்டு பக்கமும் விரித்துப் போட்டு, வயிறு தரையில் படக் குப்புறக் கிடந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பி.டி. மாஸ்டர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

"ஏ பிள்ள, வலிக்கலையா?"

"இல்ல சார்."

அந்த மனுஷன் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அது ஒருதடவைதான். அப்புறம் கேட்கவே இல்லை.

எங்கம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா திருத்தங்கலில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின்மேன். மாஸ்டர் யோகா என்று வாயெடுத்ததும் அம்மா முடியாது என்றுவிட்டாள். "சூரிய நமஸ்காரமெல்லாம் நம்ம பிள்ளைக்கு எதுக்கு? பாஸ்டர் கேட்டா என்ன சொல்லுவாக?" மாஸ்டர் வீட்டுக்கே வந்து, "சூரியனும் வேணாம் சந்திரனும் வேணாம்மா, இது வெறும் எக்ஸர்சைஸ்" என்று தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யோகா என்ற வார்த்தையே கிடையாது. சக்கராசனத்துக்கு அம்மா வைத்த பெயர் பாலம். மோவாயைத் தரையில் ஊன்றி, உடம்பை அப்படியே தலைக்கு மேலே மடக்கி, இரண்டு பாதத்தையும் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைக்கும் கண்டபேருண்டாசனத்துக்குப் பெயர் "அந்தப் பெரிய எக்ஸர்சைஸ்". சர்ச் வாசலில் நின்றுகொண்டு, "பெரிய எக்ஸர்சைஸ்ல ஸ்டேட் ஃபர்ஸ்ட்டு வந்துட்டா" என்று பெருமையாகச் சொல்வாள். கேட்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் ஸ்தோத்திரம் என்பார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, முதல் சில வருஷம் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. கைதட்டல் யாருக்குத்தான் கசக்கும்? மற்ற பிள்ளைகள் வளையும்போது உடம்பு ஓர் இடத்தில் போதும் என்று நிறுத்தும். இழுக்கும், வலிக்கும், நின்றுவிடுவார்கள். என் உடம்புக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. மூட்டைப் பிடித்துவைத்திருக்கிற நார் பிறவியிலேயே தளர்வு என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். பார்ப்பவர்கள் முதுகு முழுக்க வளைகிறது என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. வளைவதெல்லாம் ஒரே இடம். இடுப்புக்குக் கீழே, ஒரு விரலை வைத்தால் மூடிவிடலாம், அந்தச் சின்ன இடத்தில்தான் அத்தனை பாரமும் போய் விழும்.

அங்கேதான் வலி வந்தது. அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வளைந்து நிமிரும்போது ஊசியால் குத்துவது மாதிரி ஒரு சுருக். அப்புறம் வளையாமல் சும்மா நின்றாலும் சுருக். பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் கால் கீழே ஊன்றுவது தெரியாது. இரண்டு தடவை இடது கால் செருப்பைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன். அம்மா திட்டினாள். "செருப்பு கழண்டு விழுறதுகூடத் தெரியாமயா ஒரு பிள்ள நடக்கும்?" தெரியவில்லைதான், அதைத்தானே சொல்ல வந்தேன்!

மாஸ்டரிடம் சொன்னேன். "வார்ம் அப் பத்தலை" என்றார். அம்மாவிடம் சொன்னேன். நின்றபடியே என் முதுகை மேலிருந்து கீழே தட்டிப் பார்த்துவிட்டு, குனி என்றாள். குனிந்தேன். உள்ளங்கை இரண்டும் தரையில் பட்டன. "ஒண்ணுமில்ல, சத்து இல்ல, முட்டை சாப்பிடு" என்று டூட்டிக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன செய்ய? இடுப்பு வலி என்று ஆஸ்பத்திரிக்கு வருகிற ஜனங்கள் பாதி கூடக் குனிய முடியாமல் ஐயோ அப்பா என்று கத்துவதைத் தினமும் பார்க்கிறவள். தீப்பெட்டிக் கட்டு ஒட்டுகிற பெண்கள், பட்டாசுக் கம்பெனி மருந்து அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள், லோடு ஏற்றுபவர்கள், எல்லோருக்கும் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் அவளுக்குப் புரியும். என் வலி பிடிக்கிற வலி இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் அண்ணாச்சிக்கு அந்த யோசனை வந்தது. அண்ணாச்சி என்றால் அப்பா வேலை பார்த்த பிரஸ்ஸுக்கும், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கும் முதலாளி. ஸ்கூல் ஆண்டு விழாவில் என்னைப் பார்த்துவிட்டு அவராகவே வீட்டுக்கு வந்தவர். தங்கமான மனுஷன், அதுதான் தொந்தரவே. போட்டிக்குப் போனால் வேன் அனுப்புவார். வீட்டுக்குப் பழம் அனுப்புவார். எப்போது பார்த்தாலும் "சாப்பிட்டியா தாயி?" என்று கேட்பார். கெட்டவராக இருந்திருந்தால் போய்யா என்று சொல்லியிருக்கலாம். சாப்பிட்டியா என்று கேட்கிறவரிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் ஊரில் அடுத்த வருஷக் காலண்டர் ஆடிப் பதினெட்டு அன்றே வெளியே வந்துவிடும். ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு, மாதிரிப் படங்கள் அடங்கிய ஆல்பத்தைப் பிரிப்பார்கள். ஏஜெண்டுகள் அதைப் பார்த்து ஆர்டர் கொடுத்த பிறகுதான் மெஷின் ஓடும். அந்த வருஷம் தன் பட்டாசுக் கம்பெனியின் காலண்டரில் சாமி படம், சினிமாக்காரர் படம் எதுவும் வேண்டாம் என்று அண்ணாச்சி முடிவு செய்துவிட்டார். பன்னிரண்டு மாதத்துக்கும் நான். மாதத்துக்கு ஓர் ஆசனம், பக்கத்தில் ஒரு பட்டாசுப் பெட்டி. ஜனவரிக்குப் பாலம், அதற்குக் கீழே புஸ்வாணம். டிசம்பருக்குப் பெரிய எக்ஸர்சைஸ், அதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள். ஆடிப் பதினெட்டு அன்று கல்யாண மண்டபத்தில் ஏஜெண்டுகள் முன்னால் அதையே மேடையில் செய்து காட்ட வேண்டும்.

"நம்ம பிள்ள படத்தை நானே மெஷின்ல ஓட்டப்போறேன்" என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்புக்கு முன்னால் போய் நின்று இடுப்பு வலி என்று எப்படிச் சொல்ல? சொன்னேன். சொல்லத்தான் செய்தேன்! சிரிப்பு பாதியில் நின்றது. "அண்ணாச்சிகிட்ட எப்படிம்மா சொல்ல? ஆல்ப வேலை ஆரம்பிச்சிட்டாகளே" என்றார். மறுநாள் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி அம்மாவிடம் சொன்னார், அந்த மட்டுக்கும் சரி.

டாக்டர் வயதானவர். கேள்வியெல்லாம் அம்மாவிடம்தான் கேட்டார். கடைசியில் என்னைப் பார்த்து, "குனிஞ்சு காலைத் தொடு பாப்பா" என்றார். தொட்டேன். முன்னால் குனிந்தால் எனக்கு அவ்வளவாக வலிக்காது, பின்னால் வளைந்தால்தான் உயிர் போகும். அதைச் சொல்வதற்குள் அவர் சிரித்துவிட்டார். "இம்புட்டு வளையுற பிள்ளைக்கு என்னம்மா முதுகு வலி? பரீட்சைக்குப் படிக்கலையோ?" அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். ஒரு நர்ஸ் டாக்டர் முன்னால் சிரிக்கிற சிரிப்பு. எனக்கு அங்கேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழவில்லை. அழுதால் அதையும் பரீட்சைக் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. இவர்களுக்கு வலி என்றால் விறைப்பு. நான் விறைத்துக் காட்டினால்தான் நம்புவார்கள். ஆனால் விறைப்பு என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தால்தானே? என் ஜென்மத்தில் ஓர் அங்கம்கூட விறைத்தது இல்லை. வீட்டில் அப்பாவைப் பார்த்துப் பழக ஆரம்பித்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தால், எழும்பும்போது அவர் ஒரு கையை இடுப்பில் வைத்து, மூச்சைப் பிடித்து, "யப்பா..." என்று முக்கால்வாசிதான் நிமிர்வார். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு நானும் கையை இடுப்பில் வைத்து யப்பா, யப்பா என்று எழும்பிப் பார்த்தேன். குனியும்போது முழங்காலோடு நிறுத்துவதுதான் பெரும்பாடு. உடம்பு அதுபாட்டுக்குக் கீழே போய்விடும், பிடித்து இழுத்து நிறுத்த வேண்டும். ஸ்டேட் ஃபர்ஸ்ட் வாங்குவதற்குக்கூட நான் அவ்வளவு பாடுபட்டதில்லை.

ஒருவாறு தேறிவிட்டேன் என்று தோன்றியதும், வேறு டாக்டரிடம் போகலாம் என்று அடம்பிடித்தேன். அம்மா சலித்துக்கொண்டே விருதுநகருக்குக் கூட்டிப்போனாள். உள்ளே போனதும் நாற்காலியிலிருந்து "யப்பா" என்று எழும்பினேன். குனியச் சொன்னார், முழங்காலோடு நிறுத்தினேன். பல்லைக் கடித்தேன். அவர் உண்மையிலேயே அக்கறையாகப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கலாமா என்று யோசிக்கிற முகம். அந்த நேரத்தில் அவர் மேஜையிலிருந்து பேனா உருண்டு கீழே விழுந்தது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் முன்னால் ஏதாவது விழுந்தால் எடுத்துக் கொடுக்கிற பழக்கம். காலை மடக்காமல், கையை நீட்டி, ஒரே வீச்சில் குனிந்து பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. டாக்டர் பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். சத்து மாத்திரை எழுதினார்.

வெளியே வந்ததும் அம்மா என் முழங்கையைப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள். "உங்கப்பா மாதிரியே யப்பாங்கிற. எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்? ஏன்டி இப்படி நடிக்கிற? உங்கப்பா முகத்தைப் பாத்தியா, எம்புட்டு ஆசையா இருக்காக. அவுக முகத்துல கரியப் பூசணுமா?"

"வலிக்குதும்மா. நெசமாவே வலிக்குது."

"இனிமே அந்த வார்த்தையச் சொன்ன, தெரியும்."

அதோடு என் வாய் அடைபட்டது. உண்மையைச் சொன்னபோது நம்பவில்லை, நம்ப வைக்க நடித்தேன், நடித்ததால் உண்மையும் பொய்யாகிவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அண்ணாச்சியின் பழம் ஒரு பக்கம், அப்பாவின் சிரிப்பு ஒரு பக்கம், மாஸ்டரின் விசில் ஒரு பக்கம், நாலாவது பக்கம் அம்மா. கண்ணாடிப் பெட்டிக்குள் போவதற்கு வெகுநாள் முந்தியே நான் பெட்டிக்குள் போய்விட்டேன்.

ஆனி மாதத்தில் போட்டோ எடுத்தார்கள். மதுரையிலிருந்து வந்த போட்டோகிராபர், பெரிய பெரிய லைட். பதினோரு மாதத்தையும் எப்படியோ முடித்துவிட்டேன். டிசம்பர் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் போய் மோவாயை ஊன்றி, காலைத் தலைக்கு மேலே கொண்டுவந்து, முகத்துக்கு முன்னால் குதிகாலை வைத்தேன். இந்த இடத்தில் மாஸ்டருக்கு என்று ஒரு ஸ்டைல் உண்டு. குதிகால் மட்டும் தரையில் இருக்க, முன்பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்க வேண்டும், இரண்டு நல்லபாம்பு தலையைத் தூக்கி நிற்பது போல. எதிரே இருப்பவர்களுக்கு இரண்டு உள்ளங்காலும் தெரியும். வலது கால் தூக்கியது. இடது கால் தூக்கவில்லை.

"எடது காலு, எடது காலு! வெரலத் தூக்கு பிள்ள!" என்று மாஸ்டர் கத்தினார். தூக்கு என்று நானும் உள்ளுக்குள் கத்தினேன். மூக்குக்கு நேர் எதிரே கிடக்கிறது, என் கால்தான், யாரோ வைத்துவிட்டுப் போன கால் மாதிரி அசையாமல் கிடக்கிறது. நான் பயந்தே போனேன். போட்டோகிராபர் கொஞ்ச நேரம் பார்த்தார். "விடுங்க சார், பாப்பா களைச்சிருச்சு. டிசைன்ல பாத்துக்கிடலாம்" என்று படத்தை எடுத்து முடித்துவிட்டார். டிசைனில் என்ன பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. பெட்டியை விட்டு வெளியே வந்தால் போதும் என்று இருந்தது.

ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசியில் மண்டபம் நிறைந்துவிட்டது. எந்தெந்த ஊரிலிருந்தோ ஏஜெண்டுகள். மேடையில் பின்சுவர் முழுக்கத் துணியைத் தொங்கவிட்டு மூடியிருந்தார்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டி. பக்கவாட்டில் ஒரு கதவு, கதவுக்கு வெளியே கொக்கி. நான் உள்ளே போய் ஆசனத்தில் நின்றதும், பின்னால் துணியைச் சுருட்டி மேலே தூக்குவார்கள், ஆளுயரத்துக்கு டிசம்பர் படம் தெரியும். பிறகு நான் இடது காலைப் பின்னால் தூக்கினால் அதுதான் அடையாளம், மாஸ்டர் கொக்கியை எடுப்பார். நான் எப்போதும் இடது காலை முதலில் எடுத்துத்தான் வெளியே வருவேன்.

"தாயி, சாப்பிட்டியா?" என்றார் அண்ணாச்சி. சாப்பிட்டேன் என்றேன். அம்மா முதல் வரிசையில் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அப்பா.

உள்ளே போனேன். கொக்கி விழுகிற சத்தம் கேட்டது. மோவாயை ஊன்றினேன், காலைத் தூக்கினேன், இடுப்பில் அந்த இடம் என்னவோ நழுவியது மாதிரி இருந்தது. குதிகால் இரண்டும் முகத்துக்கு முன்னால் வந்து இறங்கின. வலது விரல்கள் நிமிர்ந்தன. இடது பாதம் தட்டையாகக் கிடந்தது. துணி மேலே போயிருக்க வேண்டும், மண்டபமே ஓவென்று கைதட்டியது.

சரி, முடிந்தது, வெளியே போவோம் என்று இடது காலைத் தூக்கினேன். வரவில்லை. மறுபடி தூக்கினேன். காலே இல்லாதது போல இருந்தது. வலது காலை எடுத்துப் பார்க்கலாம் என்று கொஞ்சம் அசைத்தேன், இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் கரண்ட் அடித்தது மாதிரி ஒரு வெட்டு. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கத்தலாம் என்றால் மோவாய் தரையில் அழுந்தி வாய் பூட்டியிருக்கிறது. கை இரண்டும் உடம்புக்கு அடியில் மாட்டியிருக்கிறது. மூக்கால் ஒரு சத்தம்தான் போட முடிந்தது. அது கண்ணாடியிலேயே ஆவியாய்ப் படிந்தது.

"பாருங்க, இன்னும் நிக்குது பாருங்க! எம்புட்டு நேரம்!" என்று அண்ணாச்சி மைக்கில் சொன்னார். கைதட்டல் கூடியது. மாஸ்டர் கொக்கிப் பக்கத்தில் நின்றுகொண்டு என் இடது காலையே பார்த்தபடி அடையாளத்துக்குக் காத்திருந்தார். அவர் முகத்திலும் பெருமை. நான் செத்தாலும் இவர்கள் கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஆவிக்குப் பின்னால் அது யாருக்குத் தெரியும்?

அப்போது முதல் வரிசையில் அம்மா எழுந்தாள். கைதட்டவில்லை. எனக்குப் பின்னால் மேலே பார்த்தாள், கீழே என்னைப் பார்த்தாள், மறுபடி மேலே பார்த்தாள். அடுத்த நிமிஷம் செருப்போடு மேடையில் ஏறிவிட்டாள். யாரோ "அம்மா, அம்மா, முடியட்டும்" என்று மறித்தார்கள். அவள் மாஸ்டரைத் தள்ளிவிட்டுக் கொக்கியை எடுத்தாள். பட்டுச்சேலையோடு பெட்டிக்குள் பாதி நுழைந்து, வார்டில் நோயாளியைப் புரட்டுகிற கையால் என் இடுப்பை அடியில் தாங்கி, ஒவ்வொரு காலாகப் பின்னால் கொண்டுபோய் என்னைப் படுக்க வைத்தாள். "ஆண்டவரே, ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள்.

மதுரையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்பின் அடிப்பக்கத்தில் ஓர் எலும்பு இரண்டு பக்கமும் கீறல் விட்டு, முன்னால் நகர்ந்து, காலுக்குப் போகிற நரம்பை நெரித்திருந்தது. "ரொம்ப நாளாவே இருந்திருக்கணும். முன்னால குனிஞ்சா இது தெரியாதும்மா. யாருமே பின்னால வளையச் சொல்லிப் பாக்கலையா?" என்று அந்த டாக்டர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிக்கவும் முடியாமல் வலித்தது. ஊரே என்னைப் பின்னால்தானே வளையச் சொன்னது! டாக்டர்கள் மட்டும்தான் முன்னால் குனியச் சொன்னார்கள்.

கம்பியும் ஸ்க்ரூவும் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். வலி குறைந்தது. இடது கால் விரல் மட்டும் முழுசாக எழும்பவே இல்லை, இன்றைக்கும் வார் வைத்த செருப்புதான் போடுகிறேன். அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதார். ஆனால் ஆர்டர் வந்துவிட்டதே, காலண்டர் வந்துதான் தீரும், அப்பாதான் மெஷினில் ஓட்டினார். படத்தில் என் காலைப் பார்த்தீர்களா என்று பிற்பாடு அவரைக் கேட்டேன். "கலர் சரியா விழுதான்னுதான்மா தாளைப் பாத்தேன். உன் காலைப் பாக்கலையே" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அசையக் கூடாது என்று மல்லாக்கப் படுக்க வைத்திருந்த நாட்களில், ஒருநாள் மத்தியானம் அம்மா என் இடது பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். அப்போது கேட்டேன். "எப்படிம்மா தெரிஞ்சது ஒனக்கு?"

அவள் கை நின்றது. வலது பாதத்தைத் தூக்கி உள்ளங்காலைத் தடவினாள். சின்ன வயசில் தீபாவளி அன்று எரிந்து முடிந்த கம்பி மத்தாப்புக் கம்பியை மிதித்ததில் குறுக்கே ஒரு கோடு போட்ட மாதிரி தழும்பு அங்கே உண்டு.

"மேல அந்தப் பெரிய படத்துல ரெண்டு காலும் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. கீழ நீ ஒத்தக் காலத்தான் தூக்கியிருந்த. என்னடான்னு மறுபடி பாத்தேன். படத்துல ரெண்டு காலுலயும் தழும்பு. இந்தப் புண்ணுக்குத் தெனமும் கட்டு மாத்துனவ நானு, எனக்குத் தெரியாதா எந்தக் காலுன்னு? வலது கால அப்படியே திருப்பி எடுத்து எடது காலுல ஒட்டிட்டாக. போட்டோ எடுத்த அன்னைக்கே அந்தக் காலு எந்திரிக்கலைன்னு அப்பத்தான் விளங்குச்சு. அம்புட்டும் விளங்குச்சு."

எனக்கு ஆத்திரமாக வந்தது. "நான் வாயால சொன்னேன். எத்தன நாளு சொன்னேன். அதை நம்பலை. டிசைன்காரன் ஒட்டுன படத்தைப் பாத்துத்தான் நம்புன, அப்படித்தானேம்மா?"

அம்மா பாதத்தை மெத்தையில் வைத்து, போர்வையை இழுத்து மூடினாள். கண் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்னது இது.

"சொன்ன. சொன்னதெல்லாம் வாஸ்தவந்தான். ஆனா ஒவ்வொரு தடவையும் குனிஞ்சியேடி. குனின்னதும் குனிஞ்சியே."

இத்தனை வருஷம் கழித்தும், இடுப்பில் கம்பி இருந்தும் என் உள்ளங்கை இன்னமும் தரையில் படும், மற்ற மூட்டெல்லாம் பழையபடிதான். அதனால்தான் போன மாதம் அந்தச் சின்ன டாக்டரிடம் கத்தி முடித்த பிறகும், நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்தபடி நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். பிடியை விட்டிருந்தால் அவர் சொன்ன மாத்திரத்தில் குனிந்திருப்பேன்.